ஆய்வகத்துக்கு வரும் வழியில்

இந்த அரங்கில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் செவிலியர் பயிற்சியில் இருக்கும் மாணவிகள். மற்றவர்கள் எப்போதாவது ஒரு மருத்துவமனையில் சின்ன டப்பா ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதுல பிடிச்சிட்டு வாங்க" என்ற ஒற்றை வாக்கியத்தோடு கழிப்பறைப் பக்கம் அனுப்பப்பட்டவர்கள். டப்பாவைக் கொடுக்கப்போகிறவர்கள், வாங்கியவர்கள் என்று இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது. அதனால் இன்று நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேசாமல், அந்த டப்பாவைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் அறிக்கைகளில் மிகச் சாதாரணமாக வரும் வரி, "வளர்ச்சி இல்லை" என்பது. கல்ச்சர் போட்டுப் பார்த்தோம், கிருமி எதுவும் வளரவில்லை என்று பொருள். நோயாளியின் வீட்டார் அதைப் படித்து நிம்மதி அடைவார்கள். ஆனால் அந்த வரி அச்சாவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். உடம்பில் கிருமி இல்லாமல் இருந்திருக்கலாம். உடம்பில் இருந்து, டப்பாவுக்குள்ளும் வந்து, ஆய்வகத்துக்கு வரும் வழியில் செத்துப்போயிருக்கலாம். தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். இதற்கு நேரெதிரான பொய்யும் உண்டு. நோயாளியின் உடம்பில் நோய் செய்யாத கிருமி, தோலிலிருந்தோ டப்பாவின் விளிம்பிலிருந்தோ உள்ளே விழுந்து, மேசை மேல் கிடந்த நேரத்தில் பெருகி, அறிக்கையில் பெயரோடு வந்து நிற்கும். அதற்கு எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் கூடவே வரும். இல்லாத நோய்க்கு அத்தனை துல்லியமான மருந்துப் பட்டியல்!

ஆய்வகத்தில் இருக்கும் நாங்கள் இந்த இரண்டு பொய்களில் எதையும் முழுதாகத் திருத்த முடியாது. செத்த கிருமியை வளர்க்க எந்த இயந்திரமும் இல்லை. மாதிரி என் மேசைக்கு வரும்போது பாதி முடிவு எழுதப்பட்டாகிவிட்டது. எழுதியவர் ஒரு செவிலியராக இருக்கலாம், ஒரு பணியாளராக இருக்கலாம், பேருந்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்த மருமகளாக இருக்கலாம். இவர்களுக்கு நாம் எவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சிறுநீரிலிருந்து தொடங்குகிறேன். கல்ச்சருக்கு வருவதில் மிக அதிகம் அதுதான்; மிக அலட்சியமாக எடுக்கப்படுவதும் அதுதான். சிறுநீர்ப்பையில் இருக்கும் சிறுநீர் வெளியே வரும் பாதையின் கடைசிப் பகுதியில் இயல்பாகவே கிருமிகள் குடியிருக்கின்றன. முதலில் வரும் சிறுநீர் அவற்றை அள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்கிறோம். 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், வழியில் ஒட்டிய கிருமியையும் உண்மையான தொற்றையும் பிரித்தறிய ஓர் எண்ணைப் பரிந்துரைத்தார்: ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா. பிற்காலத்தில் அறிகுறி உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணையும் பொருட்படுத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த லட்சம் இன்றுவரை எங்கள் மேசையில் அளவுகோலாக இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். நம் குடலில் வாழும் ஈ கோலை, சூழல் ஒத்துவந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்பது முறை. அதாவது 512 மடங்கு. எடுத்தபோது ஆயிரம் இருந்தது ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். டப்பாவுக்குள் உடனே அந்த வேகத்தில் பெருகாது என்று வைத்துக்கொண்டாலும், சித்திரை வெயிலில் வார்டு ஜன்னலோரம் காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை காத்திருந்த டப்பா, நலமான ஒரு பெண்ணை நோயாளியாக்கப் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வரவேண்டும். முடியாவிட்டால் நாலு டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். குளிரில் கிருமி சாகாது, பெருகாமல் அப்படியே நிற்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

சொல்லப்படாமல் இருப்பதற்குக் காரணம் கூச்சம். "மிட்ஸ்ட்ரீம் யூரின்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எல்லோருக்கும் சுலபம். டப்பாவை வாங்கும் அறுபது வயது அம்மாவுக்கு அதில் ஒன்றும் புரியாது. திருப்பிக் கேட்கவும் மாட்டார். நல்ல செவிலியர் ஒருவர் எப்படிச் சொல்வார் தெரியுமா? பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, முதல்ல நல்லா தண்ணி ஊத்திக் கழுவிக்குங்க. கொஞ்சம் போக விட்டுட்டு, நடுவுல வர்றத மட்டும் இதுல பிடிங்க. கடைசியில வர்றது வேணாம். டப்பாவுக்குள்ள விரல் படக் கூடாது, மூடியக் கீழ கவுத்து வைக்காதீங்க." அவ்வளவுதான். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேலையையும் சமாளித்துக்கொண்டு, இந்த நான்கு விதிகளையும் எப்படிக் கடைப்பிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல லட்ச ரூபாய்க்குத் தானியங்கிக் கருவி வாங்கும் மருத்துவமனை நிர்வாகம், முதலில் தாழ்ப்பாளும் ஒரு சின்னத் தட்டும் மாட்டினால் கல்ச்சர் அறிக்கைகளின் தரம் கூடும் என்பது என் கருத்து. கருவி விற்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்கு, தொங்கும் பையிலிருந்து பிடித்து அனுப்புவது பெரும் பிழை. அந்தப் பையில் மணிக்கணக்காகத் தேங்கியிருப்பதில் கிருமிகள் பெருகியிருக்கும். குழாயில் மாதிரி எடுப்பதற்கென்று இருக்கும் இடத்தைச் சாராயத் துணியால் துடைத்து, ஊசிக்குழலால் எடுக்க வேண்டும்.

சளிக்கு வருவோம். காசநோய்க்குச் சளி பார்ப்பது நம் ஊரில் பழகிய விஷயம். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்த நாளிலிருந்து இந்நோயின் கதை சளியைச் சுற்றியே நடக்கிறது. சென்னைக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதி மருத்துவ மையம், காசநோயாளியை சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணமாக்க வேண்டுமா, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் போதுமா என்று சோதித்தது. 1959-இல் வெளிவந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு நோயாளி குணமாகிவிட்டார் என்று எதை வைத்துச் சொன்னார்கள்? எக்ஸ்ரேயோடு, மாதாமாதம் எடுத்த சளியின் கல்ச்சரை வைத்துத்தான். அந்தச் சளி மாதிரிகள் ஒழுங்காக எடுக்கப்படாமல் இருந்திருந்தால், சானடோரியங்கள் இன்னும் சில ஆண்டுகள் நிரம்பி வழிந்திருக்கும்.

டப்பாவில் எச்சில் வந்தால் அது சளி ஆகாது. நுண்ணோக்கியில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: வாயின் உட்புறத் தோல் செல்கள் நிறைய, சீழ் செல்கள் சொற்பம் என்றால், அது தொண்டைக்குக் கீழிருந்து வந்தது இல்லை. காலையில் எழுந்து, வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பினால் கெட்டியாக வரும். மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர் போதும். திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று எடுக்க வேண்டும். காற்றோட்டமில்லாத கழிப்பறைக்குள் அனுப்பினால், அடுத்து உள்ளே போகிறவருக்கு அந்தக் காற்று காத்திருக்கும். சாதாரணச் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் கிருமி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்க வேண்டும். எச்சிலில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. "நெகட்டிவ்" என்று எழுதுவோம். அவர் வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார்.

இனி, என்னை மிகவும் வருத்தும் ஒரு பாட்டிலைப் பற்றி. அறுவை அரங்கில் கழுத்துக் கட்டியிலிருந்தோ முதுகெலும்பிலிருந்தோ ஒரு துண்டுச் சதை எடுக்கிறார்கள். காசநோயா, வேறு தொற்றா, புற்றுநோயா என்ற சந்தேகம். அங்கே தயாராக இருப்பது ஃபார்மலின் ஊற்றிய பாட்டில். துண்டு அதற்குள் போகிறது. திசு நோயியல் துறைக்கு அதுவே சரி. செல்கள் குலையாமல் நிற்க ஃபார்மலின் வேண்டும். ஆனால் அதே பாட்டிலைப் பாதி பிரித்து "கல்ச்சருக்கும் போடுங்கள்" என்று எங்களிடம் அனுப்பினால், அதில் உயிரோடு ஒன்றும் இருக்காது. செய்ய வேண்டியது மிக எளிது: துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதைக் கிருமி நீக்கிய உப்புநீர் கொஞ்சம் விட்ட பாட்டிலிலும் போட வேண்டும். இரண்டாவது பாட்டில் அறுவை அரங்கின் மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கத்தியைக் கீழே வைத்த பிறகு யாரும் அதைத் தேடி ஓடமாட்டார்கள். காசநோய்க் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று கல்ச்சர் சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்காக, இன்னொரு முறை அதே கழுத்தைக் கீற வேண்டியிருக்கும். பல நேரம் அதையும் செய்யமாட்டார்கள். அனுமானமாக மருந்து தொடங்கிவிடுவார்கள்.

ரத்தக் கல்ச்சரில் தவறு வேறு விதமானது. ரத்தத்தில் கிருமி பரவிய பெரியவர்களிடம்கூட, பல சமயம் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிகூடத் தேறாது. அதனால் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லிலிட்டர், இரு வேறு இடங்களிலிருந்து இரண்டு செட் என்பது விதி. வரும் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு மில்லிலிட்டர் இருக்கும். "ரத்தம் நிறைய எடுக்கிறாங்க" என்று உறவினர் சண்டைக்கு வருவார் என்ற பயம் ஒருபுறம். பாட்டிலின் விலை ஒருபுறம். இன்னொன்று, தோலைச் சுத்தம் செய்வது. குளோர்ஹெக்ஸிடின் கலந்த சாராயத்தைத் தடவிவிட்டு, அது காயும்வரை காத்திருக்க வேண்டும், அரை நிமிடம். காய்வதற்குள் ஊசி இறங்கினால் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாட்டிலுக்குள் இறங்கிவிடும். பின்பு அது வளரும், நாங்கள் தொலைபேசியில் சொல்வோம், மருத்துவர் வான்கோமைசின் தொடங்குவார், நோயாளி மேலும் சில நாள் படுக்கையில் இருப்பார். ஒரு மருத்துவமனையில் ரத்தக் கல்ச்சரில் இப்படிக் கலப்படமாவது நூற்றுக்கு மூன்றுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. உங்கள் மருத்துவமனையில் அது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்தால் அங்கே நம்பிச் சேரலாம்.

எந்த மாதிரியானாலும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தின் முதல் ஊசிக்கு முன்னால் எடுப்பதுதான் முறை. டைஃபாய்டு என்று சந்தேகித்து, மூன்று நாள் மாத்திரை கொடுத்துவிட்டு, காய்ச்சல் இறங்காததால் கல்ச்சர் அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்போது கிடைக்கும் "வளர்ச்சி இல்லை" என்பது மாத்திரையின் வேலையா, டைஃபாய்டே இல்லையா, யாருக்குத் தெரியும்?

குளிர் விஷயத்தில் ஒரு பொதுக்கருத்து உண்டு: எதுவானாலும் ஐஸில் வைத்தால் பத்திரம் என்று. சிறுநீருக்குச் சரி. மூளையுறைத் தொற்றுக்காக எடுக்கும் முதுகுத்தண்டு நீருக்கு அது நஞ்சு. அந்நோயைச் செய்யும் மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்றவை உடம்பின் சூட்டுக்குப் பழகியவை. குளிர்பெட்டியில் வைத்தால் செத்துப்போகும். இரவு ஒன்பது மணிக்கு எடுத்த முதுகுத்தண்டு நீரைக் "காலையில் லேப் திறக்கட்டும்" என்று மருந்துகளோடு குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கத்தால் எத்தனை பதில்கள் தொலைந்தனவோ. அறை வெப்பத்தில், உடனே, கையோடு கொண்டுவர வேண்டும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலும் குளிர்பெட்டிக்குப் போகக் கூடாது. ஆனால் அதே முதுகுத்தண்டு நீரில் வைரஸ் தேட வேண்டுமானால் அந்தக் குப்பிக்குக் குளிர் வேண்டும். ஒரே நீர், இரண்டு குப்பி, இரண்டு வெப்பநிலை.

தொலைவு அதிகமானால் என்ன செய்வது? இதற்குத்தான் கடத்து ஊடகங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கிருமி சாகாமலும் பெருகாமலும் வைத்திருப்பது அவற்றின் வேலை. காலரா நம் நாட்டின் நோயாக இருந்ததால், அதற்கான தீர்வும் இங்கேயே வந்தது. வெங்கட்ராமன், இராமகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் 1941-இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் ஒரு திரவத்தை விவரித்தார்கள். ஒரு லிட்டர் வடிநீரில் இருபது கிராம் கடல் உப்பு, ஐந்து கிராம் பெப்டோன், நன்றாகக் காரத்தன்மை. அவ்வளவே. சுத்திகரித்த உப்பு வேண்டாம், கடலில் விளைந்த கச்சா உப்புதான் வேண்டும். காலராக் கிருமி உப்பங்கழிகளில் வாழப் பிறந்தது. அதன் சொந்த ஊரை ஒரு குப்பிக்குள் செய்துகொடுத்துவிட்டார்கள். மலத்தில் ஒரு துளியை அதில் இட்டால் கிருமி வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். குளிர்பெட்டி இல்லாத காலத்தில், மாட்டுவண்டிப் பாதை முடியும் ஊரிலிருந்தும் மாதிரி அனுப்ப இது போதுமானதாக இருந்தது. இன்றும் வி.ஆர். திரவம் என்று பாடநூல்களில் இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களில் பலர் அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களை அறியாமலே எழுதிவிட்டுப் போகிறார்கள். பின்னர் 1964-இல் கேரி, பிளேர் இருவரின் ஊடகமும், 1967-இல் ஏமிஸ் ஊடகமும் வந்தன. முன்னது மலத்துக்கு, பின்னது சீழ், தொண்டை, புண் எடுக்கும் பஞ்சுக்குச்சிகளுக்கு. சீழ் என்றதும் ஒன்று: ஊசிக்குழலால் உறிஞ்ச முடிந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுக்காதீர்கள். குச்சியில் ஒட்டுவது கொஞ்சம்; அதுவும் சீக்கிரம் காய்ந்துவிடும்; காற்றுப் பட்டால் சாகும் கிருமிகள் முதலில் போய்விடும்.

இத்தனை விதிகளையும் ஒரு நாடு முழுக்கக் கடைப்பிடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. போலியோ. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைகால் திடீரெனத் துவண்டால், பதினான்கு நாளுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரிகள். ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு, சுமார் எட்டு கிராம். ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் ஆய்வகத்துக்கு. தடுப்பு மருந்து நகரத்திலிருந்து கிராமத்துக்குக் குளிரில் போவது குளிர்ச்சங்கிலி. இது கிராமத்திலிருந்து நகரத்துக்குத் திரும்பிவரும் தலைகீழ்ச் சங்கிலி. பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் உருகிப்போயிருந்தால் அதையும் பதிவேட்டில் எழுதுவார்கள். கிண்டியில் இருக்கும் கிங் நிலையம் இந்த ஆய்வகங்களுள் ஒன்று. பீகாரின் ஆற்றுப் படுகைக் கிராமங்களிலிருந்தும் இப்படித்தான் படகிலும் மோட்டார் சைக்கிளிலும் மாதிரிகள் வந்தன. இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கியதாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட குழந்தைதான் கடைசி; 2014 மார்ச் 27 அன்று நம் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாதது என்று சான்றளிக்கப்பட்டது. "எங்கள் நாட்டில் இல்லை" என்று சொல்வதற்கு, நோயே இல்லாத ஆண்டுகளிலும் மாதிரிகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்க வேண்டும். "வளர்ச்சி இல்லை" என்ற வரியை உலகம் நம்பியது ஐஸ் உருகாமல் வந்ததால்தான்.

கோவிட் காலத்தில் மூக்குக்குள் குச்சி விடுவதை நாடே பார்த்துவிட்டது. அதனால் விரித்துச் சொல்லவில்லை. பி.சி.ஆர். சோதனைக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, அதன் மரபுப்பொருள் சிதையாமல் இருந்தால் போதும். ஆனால் மரக்காம்புள்ள குச்சி அந்தச் சோதனையையே தடுத்துவிடக்கூடும். வைரஸுக்கான ஊடகத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கலந்திருப்பதால், அதிலிருந்து பாக்டீரியா கல்ச்சர் கேட்பது வீண்.

பெட்டி கட்டுவது பற்றிச் சுருக்கமாக. கசியாத குப்பி, அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, அதற்கு வெளியே கசியாத இரண்டாவது உறை, அதற்கும் வெளியே நசுங்காத பெட்டி. விமானத்தில் போகும் சாதாரண நோய் மாதிரிகளின் பெட்டியில் யு.என். 3373 என்ற அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். கோரிக்கைத் தாளைக் குப்பியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பாதீர்கள். கசிந்தால் தாளும் போச்சு, அதைத் தொடுபவருக்கும் ஆபத்து. பெயரை மூடியில் எழுதாமல் குப்பியின் உடலில் எழுதுங்கள்; மூடிகள் மாறிக்கொள்ளும். ஒரே வார்டில் இரண்டு எம். லட்சுமி இருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. வயது, உள்நோயாளி எண், எடுத்த இடம், எடுத்த மணி, ஏற்கெனவே கொடுத்த மருந்து ஆகியவை இல்லாத தாள் எங்களுக்குக் காகிதம் மட்டுமே.

இந்த மாதிரிகளை வார்டிலிருந்து சுமந்து வருபவர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? வார்டில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர். எட்டு வார்டிலிருந்தும் சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோனால் கால்வலி மிச்சம் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. முதல் வார்டின் முதுகுத்தண்டு நீர் எட்டாவது வார்டு வரை காத்திருக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பு நடத்தும்போது மருத்துவர்களை அழைக்கிறோம், செவிலியர்களை அழைக்கிறோம். அவரை அழைப்பதில்லை. அந்த வகுப்பை அவருக்குத்தான் முதலில் நடத்த வேண்டும், தமிழில், டப்பாக்களைக் கையில் கொடுத்து.

ஆய்வகத்தின் பங்கும் உண்டு. எச்சில் வந்தால் எச்சில் என்று எழுதித் திருப்பி அனுப்பும் தைரியம் எங்களுக்கு வேண்டும். பெயரில்லாத சிறுநீரையும், நான்கு மணி நேரம் வெயிலில் இருந்த சிறுநீரையும் வாங்க மறுத்து, வேறு கேட்க வேண்டும். இன்னொரு டப்பா கொடுத்தால் அரை மணியில் வந்துவிடும். முதுகுத்தண்டு நீருக்கும் அறுவையில் எடுத்த சதைக்கும் இந்த விதி பொருந்தாது. அவற்றை மறுபடி எடுப்பது நோயாளியை மறுபடி குத்துவது, கீறுவது. அவற்றை எந்த நிலையில் வந்தாலும் வாங்கி, கல்ச்சர் போட்டு, என்ன குறையோடு வந்தது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதி, அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்தும் சொல்லிவிட வேண்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், மாணவிகள் முதலில்.